ஸ்மார்ட் டி.வி.யும் வீட்டு வைஃபையும்: நாமே செய்துகொள்ள 30 குறிப்புகள்

கேபிள் இணைப்பே போதும் என்றிருந்த வீடுகளிலும் இன்று ஸ்மார்ட் டி.வி. வந்துவிட்டது. கடையிலிருந்து வருபவர் சுவரில் மாட்டி, ஒருமுறை வைஃபையையும் இணைத்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். பிறகு ஒருநாள் திரையில் 'இணைப்பு இல்லை' என்று வந்தால், பிள்ளைகள் வேலை முடிந்து வரும்வரை வீட்டுப் பெரியவர்கள் காத்திருக்க வேண்டியதாகிறது. இதில் அப்படி ஒன்றும் கடினமான வேலை இல்லை. இணையம் டி.வி.யை வந்தடையும் வழியைத் தெரிந்துகொண்டால் யாரும் சரிசெய்துவிடலாம்.

அந்த வழியில் நான்கு கட்டங்கள் உண்டு. வெளியிலிருந்து வீட்டுக்கு வரும் ஃபைபர் கம்பி, அதை வாங்கிக்கொள்ளும் ரவுட்டர், ரவுட்டருக்கும் டி.வி.க்கும் நடுவிலுள்ள காற்றும் சுவர்களும், கடைசியாக டி.வி. பழுது வந்தால் பெரும்பாலானவர்கள் டி.வி.யில் ஆரம்பிக்கிறார்கள். வெளியிலிருந்து உள்ளே பார்த்துக்கொண்டு வருவதுதான் சரியான வரிசை. கீழேயுள்ள குறிப்புகளும் அந்த எண்ணத்தில் எழுதப்பட்டவையே.

வாங்கும்போது

1. டி.வி. பெட்டியில் அச்சிட்டிருக்கும் விவரங்களில் வைஃபை பற்றிய வரியைப் படியுங்கள். '802.11 பி/ஜி/என்' என்று மட்டும் இருந்தால், அது பெரும்பாலும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே எடுக்கும். 'டூயல் பேண்ட்' என்றோ, அந்த எழுத்துகளோடு 'ஏசி' என்றோ இருந்தால் 5 ஜிகாஹெர்ட்ஸும் எடுக்கும். விலை குறைந்த 32 அங்குல டி.வி.களில் பல 2.4 மட்டும் எடுப்பவை. பக்கத்து வீட்டு வைஃபைகள் நெருக்கியடிக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு இந்த ஒரு வரி திரையின் அளவுக்கு முக்கியம்.

2. டி.வி.யின் பின்பக்கத்தில் லேன் கேபிள் செருகும் துளை இருக்கிறதா என்று பாருங்கள். இன்று தேவைப்படாவிட்டாலும், வைஃபை எட்டாத அறைக்கு டி.வி. மாறும்போது அதுதான் கைகொடுக்கும்.

3. எவ்வளவு வேகம் வேண்டும் என்பதை அறிந்து திட்டம் போடுங்கள். நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் கணக்குப்படி முழு ஹெச்.டி. படத்துக்கு விநாடிக்கு 5 மெகாபிட்டும், 4கே படத்துக்கு 15 மெகாபிட்டும் போதும். ஒரே டி.வி.யும் இரண்டு மூன்று போன்களும் உள்ள வீட்டுக்கு 40 அல்லது 50 மெகாபிட் திட்டம் தாராளம். படம் சுற்றிக்கொண்டே நின்றால் உடனே அதிக விலைத் திட்டத்துக்கு மாறிவிடாதீர்கள். 300 மெகாபிட் வீட்டுக்குள் வந்தாலும், நடுவில் இரண்டு கான்கிரீட் சுவர் இருந்தால் டி.வி.க்குப் போய்ச் சேருவது கொஞ்சம்தான்.

ரவுட்டரை வைக்கும் இடம்

4. ஃபைபர் இணைப்புக் கொடுக்க வருபவர் கம்பி நுழையும் இடத்துக்குப் பக்கத்திலேயே, பெரும்பாலும் வாசல் மூலையில், ரவுட்டரை மாட்டிவிடுவார். அவர் சுவரில் துளை போடுவதற்கு முன்பே, "கம்பியை ஹாலுக்குள் கொண்டுவந்து மாட்டுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். அலை விளக்கு வெளிச்சம் போலச் சுற்றிலும் பரவுகிறது. வாசல் மூலையில் வைத்தால் பாதி தெருவுக்குப் போய்விடும். டி.வி. இருக்கும் அறையிலோ, வீட்டின் நடுவிலோ, ஆளுயரத்துக்கு மேலே திறந்தவெளியில் இருப்பது நல்லது.

5. ரவுட்டரை வைக்கக்கூடாத இடங்கள் சில உண்டு. இரும்பு பீரோவின் மேலும் பக்கத்திலும் வேண்டாம்; இரும்பும் பீரோக் கண்ணாடியும் அலையைத் திருப்பிவிடும். கதவு மூடிய ஷோகேஸுக்குள் வேண்டாம். டி.வி.க்குப் பின்னால் ஒளித்து வைக்க வேண்டாம். அங்கேயும் உலோகத் தகடு உண்டு. மீன்தொட்டிப் பக்கம் வேண்டாம். தண்ணீர் அலையை உறிஞ்சிக்கொள்ளும். மைக்ரோவேவ் அடுப்புக்கு அருகிலும் கூடாது. அது வேலை செய்வது 2.45 ஜிகாஹெர்ட்ஸில், அதாவது வைஃபையின் ஓர் அலைவரிசையிலேயே. சமையலறையில் அது ஓடும்போதெல்லாம் டி.வி.யில் படம் நிற்கிறது என்றால் காரணம் இதுதான்.

6. ரவுட்டரின் ஆன்டெனாக்கள் நிமிர்ந்து நிற்கட்டும். குச்சியின் நுனியிலிருந்து அலை அதிகம் கிளம்பாது, பக்கவாட்டில்தான் பரவும். மாடியில் டி.வி. இருந்தால் ஓர் ஆன்டெனாவை நிமிர்த்தி வைத்து, இன்னொன்றைப் படுக்கையாகச் சாய்த்து வையுங்கள்.

7. மின்சாரம் போனால் டி.வி. இன்வெர்ட்டரில் ஓடியும் ரவுட்டர் அணைந்துபோகும் வீடுகள் நிறைய. ரவுட்டர் பிளக்கை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றச் சொல்லுங்கள். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டுக்கு ரவுட்டருக்கென்றே சிறிய யு.பி.எஸ். கிடைக்கிறது. வாங்கும் முன் ரவுட்டர் அடாப்டரின் மேல் எழுதியிருப்பதைப் பாருங்கள். பெரும்பாலும் 12 வோல்ட் இருக்கும். ஆம்பியர் 1, 1.5, 2 என்று மாறும். வோல்ட் அப்படியே பொருந்த வேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக்கூடாது.

8. ஃபைபர் கம்பியின் உள்ளே இருப்பது கண்ணாடி இழை. அதைக் கதவிடுக்கில் நசுக்காதீர்கள். ஆணியில் மடக்கிச் சுற்றாதீர்கள். மிச்சக் கம்பியைப் பெரிய வளையமாகச் சுருட்டித் தொங்கவிடுங்கள். கழன்ற முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவும் கூடாது.

பெயரும் பாஸ்வேர்டும்

9. ரவுட்டரோடு வந்த பாஸ்வேர்டு அதன் அடியில் ஒட்டிய சீட்டில் இருக்கும். வீட்டுக்கு வரும் யாரும் அதைப் படிக்கலாம் என்பதால், இணைப்பு வந்த அன்றே மாற்றிவிடுங்கள். புதிதாக வைக்கும்போது டி.வி. ரிமோட்டை மனத்தில் வைத்து யோசியுங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, குறியீடு என்று மாறி மாறி வந்தால் ரிமோட்டில் அம்புக்குறியை அழுத்தியே விரல் நோகும். வைஃபை பாஸ்வேர்டு குறைந்தது 8 எழுத்து இருக்க வேண்டும் என்பது விதி. ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று நான்கு சொற்களைச் சின்ன எழுத்திலேயே சேர்த்து எழுதி, நடுவில் இரண்டு எண்களைப் போடுங்கள். நீளமாக இருப்பதால் பாதுகாப்பு. குறியீடு இல்லாததால் அடிப்பது சுலபம். பிள்ளைகளின் பெயர், பிறந்த வருடம், போன் நம்பர் வேண்டாம்.

10. ஒரே ரவுட்டரிலிருந்து இரண்டு பெயர்கள் தெரியலாம். ஒன்றின் முடிவில் '5ஜி' என்று இருக்கும். அது போனில் வரும் 5ஜி சேவை இல்லை. 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசை என்பதன் சுருக்கம். ரவுட்டரும் டி.வி.யும் ஒரே அறையில், அல்லது ஒரு சுவர் தள்ளி இருந்தால் இதையே தேர்ந்தெடுங்கள். வேகம் அதிகம், நெரிசல் குறைவு. இரண்டு மூன்று சுவர் தள்ளியிருந்தால் 5 இல்லாத பெயரை எடுங்கள். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வேகத்தில் குறைந்தாலும் சுவரைத் தாண்டுவதில் மேல்.

11. ரவுட்டர் செட்டிங்ஸில் (அதைத் திறக்கும் முகவரி 23-வது குறிப்பில்) பாதுகாப்பு முறை என்ற இடத்தில் 'டபிள்யூ.பி.ஏ.2' அல்லது '2-ம் 3-ம் சேர்ந்தது' என்று இருக்கட்டும். 'டபிள்யூ.பி.ஏ.3 மட்டும்' என்று வைத்தால் பழைய டி.வி.கள் இணையாது. பாஸ்வேர்டே இல்லாமல் திறந்து வைக்கவே கூடாது. உங்கள் இணைப்பில் யார் எதைச் செய்தாலும் போலீஸ் முதலில் வந்து கேட்பது இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான்.

இணைக்கும் முறை

12. இணைப்பதற்கு முன் ரவுட்டர் முழுதாகத் தயாராகட்டும். ஸ்விட்ச் போட்டதிலிருந்து இரண்டு மூன்று நிமிடம் ஆகும். முதலில் போனில் வைஃபையை இணைத்து, மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு ஒரு வீடியோ ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் டி.வி. பக்கம் வாருங்கள்.

13. கம்பெனிக்குக் கம்பெனி மெனு மாறும். தேடவேண்டிய சொல் 'நெட்வொர்க்' என்பதுதான். கூகுள் டி.வி.யில் 'செட்டிங்ஸ்', 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்'. சாம்சங்கில் 'ஆல் செட்டிங்ஸ்', 'கனெக்‌ஷன்', 'நெட்வொர்க்', பிறகு 'வயர்லெஸ்'. பழைய மாடல்களில் 'ஜெனரல்' என்பதற்குள் இருக்கும். எல்.ஜி.யில் 'ஜெனரல்', 'நெட்வொர்க்', 'வைஃபை கனெக்‌ஷன்'. ஃபயர் டி.வி.யில் 'செட்டிங்ஸ்', 'நெட்வொர்க்'. உங்கள் வைஃபை பெயரைத் தேர்ந்தெடுத்து, பாஸ்வேர்டை அடித்து, 'கனெக்ட்' அல்லது அம்புக்குறியை அழுத்தினால் முடிந்தது.

14. பாஸ்வேர்டு அடிக்கும் இடத்தில் 'ஷோ பாஸ்வேர்டு' என்று ஒரு கட்டம் இருந்தால் அதை முதலில் டிக் செய்துகொள்ளுங்கள். புள்ளி புள்ளியாகத் தெரியும்போது எங்கே தப்பினோம் என்று கண்டுபிடிக்க முடியாது. பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறாகவே கணக்கில் வரும். பூஜ்யத்தையும் 'ஓ'வையும், 1 என்ற எண்ணையும் ஆங்கிலச் சின்ன 'எல்'லையும் மாற்றிப் போடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

15. ரிமோட்டில் எழுத்து எழுத்தாகத் தட்டுவது சிரமமாக இருந்தால் போனைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். கூகுள் டி.வி.யை முதன்முதலாக இயக்கும்போது திரையில் வரும் கியூ.ஆர். கோடை 'கூகுள் ஹோம்' ஆப்பால் ஸ்கேன் செய்தால், போனிலேயே மிச்ச வேலையை முடிக்கலாம். சாம்சங்குக்கு 'ஸ்மார்ட்திங்ஸ்', எல்.ஜி.க்கு 'தின்கியூ' ஆப்கள் இருக்கின்றன. யு.எஸ்.பி. கீபோர்டு இருந்தால் டி.வி.யில் செருகிப் பாருங்கள். பல மாடல்கள் அதை ஏற்றுக்கொள்ளும்.

16. வீட்டு இணைப்பு இல்லாத நாளில் போன் ஹாட்ஸ்பாட்டில் டி.வி. பார்க்கலாம், ஆனால் டேட்டாவைக் கவனியுங்கள். ஹெச்.டி. படம் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜி.பி. வரையும், 4கே 7 ஜி.பி. வரையும் எடுக்கும். தினம் 2 ஜி.பி. திட்டம் ஒரு சினிமாவுக்கே போதாது. ஹாட்ஸ்பாட்டில் பார்க்கும்போது, ஆப்பிலேயே வீடியோ தரத்தை 480-க்குக் குறைத்துவிடுங்கள். வேலை முடிந்ததும் டி.வி.யிலிருந்து ஹாட்ஸ்பாட் பெயரை நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்தமுறை அதுவே தானாக இணைந்து டேட்டாவைத் தின்றுவிடும்.

இணைப்பு அறுந்தால்

17. முதல் பார்வை ரவுட்டர் விளக்குகளில். ஃபைபர் பெட்டியில் 'பி.ஓ.என்.' என்ற எழுத்துகளுக்கு மேலுள்ள பச்சை விளக்கு நிலையாக எரிய வேண்டும். 'எல்.ஓ.எஸ்.' என்ற இடத்தில் சிவப்பு எரிந்தாலோ கண் சிமிட்டினாலோ வெளியிலிருந்து ஒளியே வரவில்லை என்று அர்த்தம். தெருவில் எங்கோ கம்பி அறுந்திருக்கலாம், வீட்டுக்குள் மடங்கியிருக்கலாம். டி.வி.யில் என்ன செய்தாலும் பலனில்லை. இணைப்புத் தந்தவருக்கு போன் செய்து 'எல்.ஓ.எஸ். சிவப்பு எரிகிறது' என்று மட்டும் சொல்லுங்கள், அவருக்குப் புரிந்துவிடும்.

18. விளக்கு சரியாக இருந்தும் இணையம் வரவில்லையா? ரவுட்டர், டி.வி. இரண்டின் பிளக்கையும் பிடுங்கிவிட்டு ஒரு நிமிடம் பொறுங்கள். ரவுட்டரை முதலில் போட்டு மூன்று நிமிடம் காத்திருந்து, பிறகு டி.வி.யைப் போடுங்கள். ரிமோட்டில் அணைப்பது டி.வி.யைத் தூங்க வைப்பது மட்டுமே; உள்ளே சிக்கிய நிலை அப்படியே இருக்கும். பல மாடல்களில் ரிமோட்டின் பவர் பட்டனைச் சில விநாடி விடாமல் அழுத்தினாலும் முழுதாக அணைந்து மறுபடி கிளம்பும். இரவில் சுவர் ஸ்விட்சையே அணைக்கும் வீடுகளில், காலையில் டி.வி. போட்டவுடன் ஆப்பைத் திறக்காமல் ஒரு நிமிடம் விடுங்கள். வைஃபையைத் தேடிப் பிடிக்க அதற்கு நேரம் வேண்டும்.

19. அப்போதும் வராவிட்டால், தவறு யார் பக்கம் என்பதை இரண்டு சோதனைகளில் கண்டுபிடிக்கலாம். அதே வைஃபையில் போனை இணைத்துப் பாருங்கள். போனிலும் வராவிட்டால் ரவுட்டர் அல்லது வெளி இணைப்பு. போனில் வந்து டி.வி.யில் வராவிட்டால், டி.வி.யைப் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பாருங்கள். அதில் ஓடினால் டி.வி. நல்லபடியாக இருக்கிறது, ரவுட்டர் செட்டிங்ஸில்தான் ஏதோ தடை. அதிலும் ஓடாவிட்டால் டி.வி.யில்தான் கோளாறு. இந்த இரண்டு விடைகளையும் கையில் வைத்துக்கொண்டு பேசினால் சர்வீஸ் ஆளிடம் அரை மணி நேரப் பேச்சு மிச்சமாகும். தேவையில்லாத வருகைக் கட்டணமும் மிச்சமாகும்.

20. ரவுட்டரில் பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் டி.வி. பழையதையே வைத்துக்கொண்டு முட்டிக்கொண்டிருக்கும். வைஃபை பெயரின் மேல் நின்று 'ஃபர்கெட்' என்பதைத் தேர்ந்தெடுத்து நீக்கிவிட்டு, புதிதாக இணையுங்கள்.

21. வைஃபை இணைந்திருக்கிறது, ஆனால் எந்த ஆப்பும் திறக்கவில்லையா? டி.வி.யின் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். வெகுநாள் பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்த டி.வி. பழைய வருடத்தைக் காட்டும். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றுகளுக்குக் காலாவதித் தேதி உண்டு. தேதி தவறினால் டி.வி. அவற்றை நம்பாது. 'ஆட்டோமேட்டிக் டேட் அண்ட் டைம்' என்பதை இயக்கி, நேர மண்டலத்தை இந்தியா என்று வையுங்கள்.

22. டி.வி. மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டே இருங்கள். அந்தச் சான்றுகளின் பட்டியலும் மென்பொருளோடுதான் வருகிறது. 2021 செப்டம்பர் 30 அன்று உலகெங்கும் பல இணையதளங்கள் சார்ந்திருந்த ஒரு மூலச் சான்று காலாவதியானபோது, வெகுகாலம் புதுப்பிக்காத பழைய கருவிகள் பல அந்தத் தளங்களைத் திறக்க முடியாமல் போயின. மாதம் ஒருமுறை 'சிஸ்டம் அப்டேட்' பார்த்தால் போதும். அப்டேட் ஓடும்போது சுவர் ஸ்விட்சை அணைத்துவிடாதீர்கள்.

23. போனில் தெரியும் வைஃபை பெயர் டி.வி. பட்டியலில் மட்டும் வரவில்லை என்றால், அது 5 ஜிகாஹெர்ட்ஸ் பெயராகவும் டி.வி. 2.4 மட்டும் எடுப்பதாகவும் இருக்கலாம். இரண்டும் எடுக்கும் டி.வி.யிலும் இது நடந்தால், ரவுட்டர் தானாகத் தேர்ந்த சேனல் எண்ணைப் பாருங்கள். 2.4-ல் 12, 13 சேனல்களையும், 5-ல் 52 முதல் 144 வரையுள்ள சேனல்களையும் சில கருவிகள் கண்டுகொள்வதில்லை. 2.4-க்கு 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றையும், 5-க்கு 36 முதல் 48-க்குள் ஒன்றையும் நிலையாக வைத்தால் பெயர் தெரிந்துவிடும். ரவுட்டர் செட்டிங்ஸ் பக்கத்துக்கான முகவரி பெரும்பாலும் 192.168.1.1, ரவுட்டர் சீட்டில் சரியானது அச்சிட்டிருக்கும்.

24. யூடியூப் ஓடுகிறது, வேறொரு ஆப் மட்டும் ஓடவில்லை என்றால் வைஃபையில் பழி போடாதீர்கள். அந்த ஆப்பின் 'கேஷ்' நினைவகத்தைத் துடைத்துப் பாருங்கள். சரியாகாவிட்டால் நீக்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள். பல டி.வி.களில் மொத்த நினைவகமே 8 ஜி.பி.தான்; அதில் பெரும்பகுதியை டி.வி.யின் மென்பொருளே எடுத்துக்கொண்டிருக்கும். பார்க்காத ஆப்களையும் விளையாட்டுகளையும் நீக்கினாலே டி.வி. சுறுசுறுப்பாகிவிடும்.

25. படம் நின்று நின்று வருகிறதா? டி.வி. பக்கத்தில் நின்று வேகத்தைப் பாருங்கள். நெட்ஃபிளிக்ஸ் ஆப்பின் உதவிப் பகுதியில் 'செக் யுவர் நெட்வொர்க்' இருக்கிறது. அலையின் பலத்தை அளக்கும் ஆப்பைப் போனில் போட்டு டி.வி.யின் பக்கத்தில் வைத்தும் அளக்கலாம். அதில் எண் கழித்தல் குறியோடு வரும். கழித்தல் 50 என்றால் மிக நன்று. கழித்தல் 70-ஐத் தாண்டினால் 4கே படத்துக்குச் சிரமம். 80 என்றால் இணைப்பு அடிக்கடி அறும். ரவுட்டரை நகர்த்தி நகர்த்தி இந்த எண்ணைப் பார்த்தாலே நல்ல இடம் அகப்பட்டுவிடும்.

26. கடைசி அறைக்கு எட்டவே இல்லை என்றால் மூன்று வழிகள். லேன் கேபிள் போடுவது எல்லாவற்றிலும் உறுதியானது. பல டி.வி.களில் அந்தத் துளை விநாடிக்கு 100 மெகாபிட்டுக்கு மேல் எடுக்காது. ஆனாலும் 4கே படத்துக்குப் பல மடங்கு போதும், சுவரும் மைக்ரோவேவும் அதை ஒன்றும் செய்யாது. புது வீடு கட்டுபவர்கள் ஹால், படுக்கையறை டி.வி. புள்ளிகளுக்குச் சுவர்க் குழாயிலேயே ஒரு லேன் கேபிளையும் இழுத்து வைத்துவிடுங்கள். இரண்டாவது வழி, ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளும் இரண்டு மூன்று பெட்டிகள் கொண்ட மெஷ் வைஃபை. மூன்றாவது ரிப்பீட்டர், இருப்பதில் விலை குறைவு. அதை அலை செத்துப்போன அறையில் மாட்டினால் பயனில்லை; ரவுட்டருக்கும் டி.வி.க்கும் நடுவழியில், அலை இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில் மாட்டுங்கள். சாதாரண ரிப்பீட்டரில் வேகம் ஏறக்குறைய பாதியாகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

27. பழைய டி.வி.யை ஸ்மார்ட்டாக்கும் ஸ்டிக்கைச் செருகியிருப்பவர்கள், பெட்டியோடு வரும் குட்டி ஹெச்.டி.எம்.ஐ. நீட்டிப்புக் கம்பியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஸ்டிக்கை டி.வி.யின் உலோக முதுகிலிருந்து சற்றுத் தள்ளித் தொங்கவிடுவதாலேயே வைஃபை தேறும். மின்சாரத்தை டி.வி.யின் யு.எஸ்.பி.யிலிருந்து எடுக்காமல் கூட வந்த அடாப்டரிலிருந்து கொடுங்கள்.

வீட்டின் பாதுகாப்பு

28. டி.வி. ஓடவில்லை என்றால் கஸ்டமர் கேர் எண்ணை கூகுளில் தேடி, முதலில் கிடைத்ததை அழைக்காதீர்கள். போலி எண்களைப் போட்டு வைத்துக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். பில்லிலும், உத்தரவாத அட்டையிலும், கம்பெனியின் சொந்த ஆப்பிலும் உள்ள எண்ணையே நம்புங்கள். யூடியூபையோ ஓ.டி.டி. ஆப்பையோ டி.வி.யில் இயக்கத் திரையில் ஒரு குறியீட்டு எண் வரும். அதைப் போனில் அடிப்பதற்குத் தனியாகக் கட்டணம் கிடையாது. திரையில் காட்டும் முகவரியை நீங்களே எழுத்து பிசகாமல் அடியுங்கள். 'ஆக்டிவேஷன் சார்ஜ்' என்று யாராவது பணம் கேட்டாலோ, உங்கள் போன் திரையைப் பகிரும் ஆப்பை நிறுவச் சொன்னாலோ, ஓ.டி.பி. கேட்டாலோ அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். பணம் போய்விட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை நடுவழியில் நிறுத்திவைக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

29. டி.வி. இணையத்தில் சேர்ந்ததும், நாம் பார்ப்பதை அதுவும் கவனிக்கத் தொடங்கலாம். திரையில் ஓடுவது என்ன நிகழ்ச்சி என்று அடையாளம் கண்டு கம்பெனிக்கு அனுப்பும் வசதி பல டி.வி.களில் உண்டு. அமெரிக்காவில் 1.1 கோடி டி.வி.களில் பார்ப்பவர் சம்மதம் இல்லாமல் இப்படித் தகவல் சேர்த்ததாக எழுந்த வழக்கை முடிக்க, விசியோ நிறுவனம் 2017-ல் 22 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. முதல் இயக்கத்தின்போது வரும் நிபந்தனைகளில் எல்லாவற்றுக்கும் டிக் போட வேண்டியதில்லை. சாம்சங்கில் 'வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்', எல்.ஜி.யில் 'லைவ் பிளஸ்' என்ற பெயரில் இருப்பதை அணைத்துவிடலாம். படம் பார்ப்பதற்கு எந்தக் குறைவும் வராது. குழந்தைகள் உள்ள வீட்டில் அவர்களுக்குத் தனி புரொஃபைலும், பணம் கட்டி வாங்குவதற்கு 'பின்' நம்பரும் வைத்துவிடுங்கள். டி.வி.யை விற்கும்போதும், வாடகை வீட்டில் விட்டுப் போகும்போதும் 'ஃபேக்டரி ரீசெட்' செய்யாமல் கைமாற்றாதீர்கள். உங்கள் கூகுள் கணக்கும் வைஃபை பாஸ்வேர்டும் அதற்குள் இருக்கின்றன.

30. கடைசியாக, ஒரு வெள்ளைத்தாள் எடுத்துப் பெரிதாகத் தமிழில் எழுதுங்கள்; வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் மட்டும் டி.வி.யில் அடிக்கும் அதே எழுத்துகளில் எழுதுங்கள். வைஃபை பெயர், பாஸ்வேர்டு, இணைப்புத் தந்தவரின் போன் எண், வாடிக்கையாளர் எண், டி.வி. கம்பெனியின் சர்வீஸ் எண். அதற்குக் கீழே நான்கு வரிகள்: 'ரவுட்டரில் சிவப்பு விளக்கு எரிகிறதா? பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிடம் பொறு. ரவுட்டரை முதலில் போடு, டி.வி.யைப் பிறகு போடு. போனில் வருகிறதா பார்.' விருந்தினர் கண்ணில் படாத அலமாரிக் கதவின் உள்பக்கம் இதை ஒட்டுங்கள். பிறகு வீட்டுப் பெரியவரை ரிமோட்டைப் பிடிக்கச் சொல்லி, வைஃபை பெயரை நீக்கி மறுபடி இணைப்பதை அவர் கையாலேயே ஒருமுறை செய்ய வையுங்கள். நாம் செய்து காட்டினால் மறந்துபோகும். அவரே செய்தால் மறக்காது. அந்த ஒரு தடவைக்குப் பிறகு, வேலைக்குப் போயிருக்கும் பிள்ளைகளுக்கு இதற்காக போன் வராது.